சுப்பம்மாவின் கண்ணுக்கு நான் வாங்கிய லென்ஸ்

யட்டியாந்தோட்டை பஜாரில் முதன்முதலாக இரண்டு மாடி எழுப்பிய துணிக்கடை என்னுடையது. ஸம்சுதீன் முதலாளி கடை என்றால் பஸ்காரன் வாசலிலேயே இறக்கி விடுவான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தலையில் துணி மூட்டையோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி விற்றவன், ஒருத்தரிடமும் கை நீட்டாமல் இவ்வளவு தூரம் வந்தேன். இதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்குவதில்லை. எழுபது வயதாகிவிட்டது, சொல்லவும் களைப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாகிவிட்டது. எழுத உட்கார்ந்தது சுப்பம்மாவைப் பற்றி.

சுப்பம்மா மேலே ரப்பர் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷமாகப் பால் வெட்டியவள். விடியும் முன்னே மரத்தடிக்குப் போய், பட்டையில் கத்தியால் சாய்வாக ஒரு கோடு இழுத்து, வடிகிற பாலைச் சிரட்டையில் பிடிக்கிற வேலை. கோடு மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் உள்ளே கட்டையில் பட்டு மரம் புண்ணாகிவிடும், அந்த இடத்தில் பிறகு பட்டை சரியாக வளராது. நல்ல வெட்டுக்காரி என்று தோட்டத்தில் அவளுக்குப் பேர் இருந்தது.

எங்களுக்குள் பழக்கம் வந்தது ஆஸ்பத்திரியில். என் மகன் இக்ராமும் அவள் மகள் சுமித்ராவும் ஒரே நாளில், ஒரே வார்ட்டில் பிறந்தவர்கள். என் மனைவி சித்தி மரியத்துக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அன்றைக்கு நான் இரண்டு பிள்ளைக்கும் துணி எடுத்துக்கொண்டு போனேன். அதிலிருந்து சனிக்கிழமைகளில் பஜாருக்கு இறங்கினால் என் கடைக்கு வராமல் போகமாட்டாள்.

வாங்குவதை விட, கீழே விழுகிற வெட்டுத்துண்டுகளைத்தான் அதிகம் பொறுக்குவாள். ஏனென்றால் அவள் லயத்தில் சீனி, பிரஷர் என்று கிளினிக் போகிறவர்கள் பதினொரு பேர். கிளினிக் நாளில் எல்லாருடைய மருந்துக் கொப்பியையும் ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் அவள் இறங்குவாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிரே சிமெந்து பெஞ்சில் கொப்பிகளை வரிசையாக வைப்பாள். கொப்பி இருந்தால் ஆள் இருந்த மாதிரி. மற்றவர்கள் ஏழு மணி பஸ்ஸில் வந்தால் போதும். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கொப்பிக்கும் ஒரு நிறத் துண்டு கட்டி வைத்திருந்தாள். ஏழுமலைக்கு நீலம், அழகம்மாவுக்குப் பச்சை. எல்லாம் என் கடைத் துணி.

மருந்து தட்டுப்பாடு வந்த அந்த வருஷம், சுப்பம்மா ஏழுமலையின் கொப்பியையும் மாத்திரையையும் அழகம்மா கையில் கொடுத்துவிட்டாள். நல்ல வேளை, அழகம்மா கொப்பித் துண்டின் நிறத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நீலமும் பச்சையும் சுப்பம்மாவுக்கு ஒன்றாகிவிட்டது அப்படித்தான் தெரிய வந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது, கண்புரை. வலது கண் மோசம்.

எனக்கும் அதற்கு முந்திய வருஷம் ஒரு கண்ணில் அதே வருத்தம்தான். நான் கொழும்பில் பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலையில் படுத்து மத்தியானம் எழும்பி வந்தவன். செலவைக் கேட்டால் ஆளுக்கு மயக்கம் வரும். கேட்காதவர்களுக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

சுப்பம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினாள். கண்ணை அளந்து கொப்பியில் எழுதி, ஒரு வியாழக்கிழமைக்கு நாள் கொடுத்தார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள். ஒப்பரேஷன் இலவசம், ஆனால் உள்ளே வைக்கிற லென்ஸ் ஸ்டோரில் இல்லை. வெளியில் வாங்கிக்கொண்டு வந்தால் அந்த வியாழனே செய்யலாம், இல்லாவிட்டால் லென்ஸ் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

அவளால் காத்திருக்க முடியாது. கங்காணி யோகராஜ் மரங்களைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, மரமெல்லாம் புண்ணா கெடக்கு. தொரை பாத்தா என் தோலை உரிப்பாரு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் கத்திய வாங்கிக்குவேன்."

கத்தி போனால் புல்லு வெட்டுத்தான். அதுவும் கிழமைக்கு மூன்று நாள் வேலை கிடைத்துப் பேர் விழுந்தால் பெரிய காரியம்.

அந்தச் சனிக்கிழமை கடையில் இதைச் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சுப்பம்மா, ஒடம்பு நம்மட சாமான். நம்மட சாமானுக்கு நாமதான் செலவழிக்கோணும். ஓசிக்கு நின்னா இப்பிடித்தான். என்னைப் பாருங்க."

"பாத்தா மங்கலாத்தான் தெரியுறீங்க மொதலாளி."

கடைப் பெடியன்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை.

"ஓசியா? ஒங்க கடையில ஒரு சீத்தைத் துணி வாங்கினா அதுல அரசாங்கத்துக்கு வரி போவுதுன்னு போன மாசம் நீங்கதானே கத்துனீங்க? அது யாரு காசு? முப்பத்தஞ்சு வருஷமா நான் வெட்டுன பாலு கப்பல்ல போயிருக்கு. எனக்கு ஒரு கண்ணாடித் துண்டு இல்லைங்குறாங்க. அத நான் கேட்டா ஓசியா?"

"அது வேற..."

"இக்ராம் தம்பி எங்க பொறந்துச்சு? அன்னிக்கு எவ்வளவு கட்டுனீங்க?"

உள்ளே சித்தி மரியம் கணக்கு மேசையில் இருந்தாள். "நீங்க பேசாம இரிங்களேன்" என்றாள். என்னைத்தான்.

இரண்டு நாள் அது என்னை அரித்தது. செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போனேன். என் ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுத்த சின்ன அட்டைக் காட் என் பேர்ஸில்தான் இருந்தது. எந்தக் கம்பெனி லென்ஸ், என்ன நம்பர் எல்லாம் அதில் உண்டு. விற்கிற கடையில் அதை நீட்டி, இதையே கொடு என்றேன். அளவுச் சீட்டு கொண்டுவந்தீர்களா என்று கேட்டான். இதுதான் அளவு என்றேன். வெளிநாட்டுச் சாமான். கடைப் பெடியன் ஒருத்தனின் ஒரு மாதச் சம்பளம் அதில் போனது. பஸ்ஸில் வரும்போது அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

புதன்கிழமை சுப்பம்மாவை வரச்சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அளவு பாத்தீங்களா மொதலாளி? கொப்பியில ஏதோ எழுதியிருக்காங்க."

"நல்ல சாமானுக்கு என்ன அளவு? என் கண்ணில உள்ளதேதான் இது."

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். துணைக்கு என்றுதான் சொன்னேன். யார் வாங்கிக் கொடுத்தது என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதும் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

நர்ஸ் மிஸ் பெட்டியைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"மஹத்தயா, மேக்க ஹரியன்னே நே."

இது சரிவராது என்று சிங்களத்தில் சொல்கிறார். டொக்டர் வந்து பொறுமையாக விளக்கினார். லென்ஸுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் அளவாம். நான் கொண்டுபோனது என் கண்ணின் அளவு. அதை சுப்பம்மாவுக்கு வைத்தால் திரும்பவும் மங்கல்தான்.

எந்தப் பெண்பிள்ளை படி ஏறினாலும், பார்த்த பார்வையில் சட்டைக்கு எவ்வளவு துணி என்று சொல்கிறவன் நான். ஐம்பது வருஷத்தில் ஒரு துண்டும் அளவு தப்பியதில்லை. அன்றைக்குப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சுப்பம்மா முதலில் சிரித்தாள். "ஒங்க சட்டைய எனக்கு மாட்டப் பாத்தீங்களே மொதலாளி." பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைய நாள் அவளுக்குப் பின்னால் இருந்தவருக்குப் போனது.

விற்ற சாமானைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்களாம். சரியான அளவில் இன்னொன்று வாங்குகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"வேணாம் மொதலாளி. ஒரு தடவ வாங்குனதுக்கே நான் தல குனிஞ்சு நிக்கிறேன். ரெண்டு தடவன்னா ஒங்க கடைப் படி ஏற முடியாது."

நான் வற்புறுத்தவில்லை. அந்த மாதம் கடையும் படுத்துக் கிடந்தது. அவள் வேண்டாம் என்றதும் உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

லென்ஸை ஆஸ்பத்திரிக்கே இனாமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெட்டி பிரிக்காமல் இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு, தெரணியகலையிலிருந்து வந்த ஒரு கிழவருக்கு அளவு சரியாக இருந்து வைத்துவிட்டார்கள் என்று சுப்பம்மா வந்து சொன்னாள்.

"யார் குடுத்தது எண்டு அவருக்குச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. ஸ்டோருல இருந்து வந்ததுன்னு நெனச்சுக்கிட்டு, கும்பிட்டுப் போனாரு."

மாதக் கடைசியில் யோகராஜ் கத்தியை வாங்கிக்கொண்டான். பிறகு நாலு மாதம் அவள் புல்லு வெட்டினாள். ஐந்தாம் மாதம் ஸ்டோருக்கு லென்ஸ் வந்து, வலது கண்ணைச் செய்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. அதில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் கத்தி திரும்பி வரவில்லை. அவள் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கட்டு அவிழ்த்த பிறகு முதல் சனிக்கிழமை கடைக்கு வந்தாள். அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அந்த மெரூன் துணி வெளுத்திருக்கு மொதலாளி. அதத்தான் புதுசுன்னு எனக்கு வித்தீங்களா?"

"கண்ணு தெரிஞ்சா வியாபாரத்துக்குக் கூடாது."

சிரித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மரத்தடியில புல்லு வெட்டுறப்ப நிமிந்து பாக்குறேன். நான் வெட்டுன புண்ணெல்லாம் இப்பதான் தெரியுது. எத்தன மரம்."

மேசை லாச்சியைத் திறந்து என் கிளினிக் கொப்பியை எடுத்தேன். எனக்கும் மற்றக் கண் மங்கிவிட்டது. இந்த முறை கொழும்புக்குப் போகிற தெம்பு கையிலும் இல்லை, காலிலும் இல்லை. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே அளவெல்லாம் எடுத்து எழுதியாயிற்று, நாள் வாங்க வேண்டும். கொப்பிக்கு நல்ல பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். மற்றக் கொப்பிகளோடு வைத்தால் தனியாகத் தெரியும்.

"வர்ற வியாழக்கிழமை பெஞ்சில இதையும் வச்சிருங்களேன்."

வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இதோட வச்சா வழுக்கிக் கீழ விழும் மொதலாளி." உறையைக் கழற்றி என் கையில் தந்தாள். குனிந்து, தரையில் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து, கொப்பி ஓரத்தில் ஓட்டை போட்டுக் கட்டினாள். வெளுத்த மெரூன்.