தானாக எழுந்த படகு

பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த புதிது. என்னோடு வேலை பார்த்த கோவளத்து ஸ்டெல்லாவும் அவள் தம்பி அருளும் ஆளுக்கொரு பாய்மரப் படகு கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை என்னையும் கூப்பிட்டார்கள். கரூரில் வளர்ந்த நான் கடலில் கால் நனைத்ததோடு சரி.

ஸ்டெல்லாவின் படகுக்கு உருண்டை அடி, தொட்டாலே ஆடியது. அருளின் படகுக்குத் தட்டை அடி. தரை மாதிரி நின்றது. யோசிக்காமல் அதில் ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும் பக்கவாட்டில் பெரிய அலை ஒன்று வந்தது. தட்டைப் படகு அலையின் சரிவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே சரிந்தது. மறுநொடி நாங்கள் இருவரும் தண்ணீரில் மிதவைச் சட்டையோடு தத்தளித்தோம்.

ஸ்டெல்லா வந்து என்னைத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டாள். அடுத்த அலையில் அதுவும் சாய்ந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட, நான் அலறினேன்.

"இன்னாத்துக்குக் கத்துற? சாயட்டும் வுடு. அடியில ஈயம் கீது, தானா எழுந்துக்கும்!"

எழுந்தது! பாய் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. எனக்குச் சிரிப்பு பொங்கியது.

கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்த அருள், "என்னை ஏத்திக்கினு அப்பால சிரிங்கக்கா!" என்றான்.

ஆடாமல் நிற்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு என்று அன்று என் உடம்புக்கே புரிந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். அந்த ஆடும் படகில், சுக்கான் என் கையில்.