எந்த மாவட்டத்துத் தண்ணீர்

அரியலூரைத் தனி மாவட்டமாக அறிவித்த அன்று செந்துறைப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் வெடி வெடித்தார்கள். தனி நாடே கிடைத்துவிட்ட மாதிரி எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். இனி எதற்கெடுத்தாலும் பெரம்பலூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை என்று அதிகம் மகிழ்ந்தவள் என் அத்தைதான். அப்பாவுக்கு அக்கா; எங்கள் ஊராட்சித் தலைவர்.

அடுத்த கோடையில் ஊர்க் குடிதண்ணீர் மோட்டார் புகைந்து போனது. பெண்கள் பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் தேங்கிக் கிடந்த தண்ணீரை மொண்டு வந்தார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. என் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அத்தை புது மாவட்டத்தின் ஆபீசுக்குப் போனாள். ஊர்க் கோப்பு இன்னும் பெரம்பலூரிலிருந்து வரவில்லை என்றார்கள். பெரம்பலூருக்குப் போனாள். நீங்கள்தான் எங்கள் மாவட்டமே இல்லையே என்று அங்கே சிரித்தார்கள். மறுபடி அரியலூருக்குப் புறப்பட்டபோது என்னையும் அழைத்துப் போனாள். வாடகைக் கட்டடம் ஒன்றில் பிரிக்காத காகிதக் கட்டுகள் சுவர் ஓரமாகக் குவிந்து கிடந்தன.

"நாங்களே உக்கார நாற்காலி இல்லாம இருக்கோம். கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா" என்றார் அதிகாரி.

"நாற்காலி இல்லன்னா நின்னுக்கலாம் சார், தண்ணி இல்லன்னா என்னா பண்றது?" அத்தையின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. "புள்ளைங்க குவாரித் தண்ணியக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குதுங்க. வெடி வெடிச்சு வருசம் ஒண்ணாச்சு. இன்னும் ஒரு மோட்டாரு வாங்கித் தர வக்கில்ல!"

அதிகாரி அங்கேயே புது மோட்டாருக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அத்தை எனக்கு முறுக்கு வாங்கித் தந்தாள்.

மோட்டார் வருவதற்குள் மாவட்டத்தையே கலைத்துவிட்டார்கள். நாங்கள் மறுபடி பெரம்பலூர்க்காரர்கள் ஆனோம். அத்தை உத்தரவை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். இல்லாத மாவட்டம் போட்ட உத்தரவு எப்படிச் செல்லும், முதலிலிருந்து மனுக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

"ஆக்கறப்பவும் நம்மளக் கேக்கல, கலைக்கறப்பவும் கேக்கல" என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினாள். "நடுவுல சாவறது மட்டும் நம்ம புள்ளைங்களா?"

பின்னாளில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. இப்போது அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அன்று பெரம்பலூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மறுநாள் அத்தை தன் கொல்லையில் இருந்த போர்வெல் மோட்டாரைக் கழற்றச் சொன்னாள். ஆண்கள் அதைத் தூக்கிப் போய் ஊர் போர்வெல்லில் இறக்கினார்கள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தையிடம் சொல்லக் கொல்லைக்கு ஓடினேன்.

"அத்தே! கவர்மெண்டு தண்ணி வந்துருச்சு!"

பாதி வாடிய மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு அலைந்து வாங்கி வந்த தண்ணீருக்கு அவள் ஏன் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.