படத்தின் பின்னால் நடந்துபோனவர்கள்

மெல்பேர்னுக்கு வந்த முதல் வருடம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. கணவர் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். காலையில் ரயிலேறினால் பொழுதுபடத்தான் வருவார். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இங்கே இறைச்சிக் கடைக்காரர் பேசுவது எனக்கு விளங்கவில்லை, நான் பேசுவது அவருக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டில் லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு புதன்கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மத்தியானப் படம் பார்க்க வருகிறாயா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்போது தொலைக்காட்சி இல்லை. போனேன்.

பழைய இங்கிலாந்துப் படம், கறுப்பு வெள்ளை. நகைக்கடையில் ஒரு கொலை நடக்கிறது. காசில்லாமல் எடுத்த படம் என்பது எனக்கே தெரிந்தது. இன்ஸ்பெக்டரின் அறையும் கடை முதலாளியின் அறையும் ஒன்றேதான். மேசையை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மழைக்கோட்டு, ஒரே தொப்பி, ஒரே மீசை. வாயைத் திறக்காமலே பேசினார்கள். எவன் கொலைகாரன், எவன் பொலிஸ் என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

இடையில் சவர்க்கார விளம்பரம் வந்தபோது அவர் சொன்னார்: "அந்த மூலையிலிருந்த புகையிலைக் கடையைப் பார்த்தாயா? தம்பி அங்கேதான் சிகரெட் வாங்கப் போனான். பிறகு வரவில்லை."

எந்தத் தம்பி? கடை முதலாளியின் தம்பியாக இருக்கும் என்று நினைத்தேன். "யார் கொன்றது?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கொன்றதாக யாரும் சொல்லவில்லை."

"பிறகு சொல்வார்களா?"

"இருபத்திரண்டு வருடமாக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை."

படத்தில் இவ்வளவு காலம் எப்போது கழிந்தது? நான்தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்து, "கவலைப்படாதீர்கள். இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுவார்," என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் மழைக்கோட்டுக்காரன் ஒருவன் துறைமுகப் படிகளில் விழுந்து செத்தான். தம்பி வரவேயில்லை. அவர் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்குக் கதையைச் சொன்னேன்.

"அந்தத் தம்பியை நீர் படத்தில கண்டனீரோ?" என்று அவர் கேட்டார்.

"இல்லை. அவதான் சொன்னவ."

"ஒரு மணித்தியாலப் படத்தில இருபத்திரண்டு வருசமோ?" அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அது படக்கதை இல்லையப்பா. அவ தன்ர தம்பியைப் பற்றியெல்லே சொல்லியிருக்கிறா."

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். காணாமல் போனவனை யார் கொன்றது என்று அவன் அக்காவிடமே கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, மன்னிக்க வேண்டும் என்றேன். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. தேநீர்க் கோப்பையில் நான் ஏதும் கீறல் விழுத்திவிட்டேனோ என்று நினைத்தாராம். திக்கித் திக்கி விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தம்பியின் புகைப்படத்தைக் காட்டினார். மெலிந்த பையன், பத்தொன்பது வயது, காதுகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

"இந்தப் புதன்கிழமைப் படங்கள் நல்லதென்றா பார்க்கிறேன்?" என்றார். "கூட்டம் காட்ட ஆட்களைக் கூலிக்குப் பிடிக்க அவர்களிடம் காசில்லை. கமெராவை லண்டன் தெருவில் வைத்துவிடுவார்கள். பின்னால் போவதெல்லாம் உண்மையான ஆட்கள். அவன் போன பிறகு எடுத்த படமொன்றில் அவன் நடந்து போனால், உயிரோடு இருந்திருக்கிறான் என்று அர்த்தம்."

அதன்பிறகு புதன்கிழமைகளில் நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். கொலை முன்னால் நடக்கும். நாங்கள் பின்னால் நிற்கும் பஸ் வரிசையைப் பார்ப்போம். எத்தனையோ படங்கள் பார்த்தேன், ஒன்றின் கதையும் தெரியாது. எல்லா முகமும் அவனுடையதுபோல இருக்கும், அடுத்த கணம் ஒன்றுமே அவனுடையதாக இராது.

ஒரு நாள் அவர் தேநீர் எடுக்கக் குசினிக்குப் போயிருந்தார். பாலத்தில் ஒரு கார் துரத்தல். நடைபாதையில் ஒருவன் நின்று, கமெராவை நேராகப் பார்த்துவிட்டு நடந்தான். மெலிவு. அதே காதுகள். இரண்டு வினாடி இருக்குமோ என்னவோ. "அங்கே," என்று கத்தினேன். அவர் ஓடிவந்தபோது திரையில் நாய் பிஸ்கட் விளம்பரம்.

"நிச்சயமாகவா?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் எனக்கு அந்த நாட்டு முகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய அப்போதும் சரியாகத் தெரியாது. "தெரியவில்லை," என்றேன். படத்தின் பெயரைப் பத்திரிகையில் பார்த்து எழுதி, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார்.

அடுத்த வருடம் கணவருக்குச் சிட்னியில் வேலை கிடைத்து நாங்கள் போய்விட்டோம். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் படத்தைத் திரும்பவும் போட்டார்களாம். பாலத்தில் நின்றவனைப் பார்த்தாராம். "அது அவன் இல்லை. ஆனால் நீ ஏன் அப்படி நினைத்தாய் என்று விளங்கியது," என்று எழுதியிருந்தார். இப்போது மத்தியானங்களில் ஒரு நூலகத்தில் வேலை செய்வதாகவும், படங்கள் பார்க்க நேரமில்லை என்றும் கீழே இருந்தது.

கணவர் வாசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, மனுசி நிம்மதியா இருக்கட்டும்," என்றார். எனக்கு அது நல்லதா என்று தெரியவில்லை. அவன் இல்லை என்று கண்டதால் தேடுவதை விட்டாரா, அல்லது அது அவனேதான் என்று கண்டும் எனக்கு இல்லை என்று எழுதினாரா? பதில் எழுதினேன். அதைக் கேட்கவில்லை.