நின்ற வண்டி என்ன செய்யும்?

இந்த ஊரில் நடைபாதையில் இரண்டு பேர் உரசிக்கொண்டால், இருவரும் ஒரே நேரத்தில் "என்ட்ஷுல்டிகுங்" என்று சொல்லிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுகிறார்கள். மன்னிக்கவும் என்பதற்கான ஜெர்மன் சொல் அது. வந்த புதிதில் இது எனக்கு விநோதமாக இருந்தது. கோயம்புத்தூரில் ஒருவரை இடித்துவிட்டு "சாரிங்க" என்று சொன்னால், அவர் "பரவாயில்லீங்க" என்று சொல்லும்வரை நின்றாக வேண்டும். அந்தப் பதிலை வாங்காமல் நகர்ந்தால் இருவருக்கும் மனதில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கும். இங்கே பதில் தேவையில்லை. அந்த நீளமான சொல்லுக்குள் "ஷுல்ட்" என்றொரு சிறிய சொல் இருப்பதும், அதற்குக் குற்றம் என்று பொருள் என்பதும் மொழி வகுப்பிலேயே சொல்லித்தந்ததுதான். ஆனால் மொழி வகுப்பில் யாரும் சைக்கிளிலிருந்து விழுவதில்லை.

நான் விழுந்தேன். அன்று சனிக்கிழமை, காய்கறிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இங்கே சாலையின் வலது ஓரத்தில் கோடு போட்டு சைக்கிளுக்கென்று தனிப்பாதை விட்டிருக்கிறார்கள். அதில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. பேக்கரி ஒன்றின் முன்னால் பார்சல் வேன் ஒன்று அந்தப் பாதையை முழுக்க அடைத்து நின்றது. ஓட்டுநர் உள்ளே போயிருந்தார். நான் திரும்பிப் பார்த்து, கையை நீட்டிக் காட்டி, இடப்பக்கம் சாலைக்குள் இறங்கினேன். அங்கே டிராம் தண்டவாளம். ஈர இரும்பில் முன்சக்கரம் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். வேன் என்னைத் தொடவே இல்லை.

ஓட்டுநர் ஓடிவந்து தூக்கினார். அவரும் வேறு ஏதோ நாட்டிலிருந்து வந்தவர், அவருடைய ஜெர்மனும் என்னுடையதைப் போலவே முட்டி மோதி வந்தது. முகம் வெளுத்து நின்றார். அவரைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "மைனெ ஷுல்ட்" என்றேன். என் தப்பு.

நூல் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கோவையில் ஒரு மில்லில் பார்த்த அதே வேலைதான். நூலை விரலில் பிரித்து முறுக்கைப் பார்க்க மணிக்கட்டு முழுதாகத் திரும்ப வேண்டும். எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்த பிறகு என் மணிக்கட்டு பாதிதான் திரும்புகிறது. இனித் தேறாது என்று மருத்துவர் சொல்லவில்லை. தேறும் என்றும் சொல்லவில்லை. தேறாவிட்டால் அந்த மேசையில் எனக்கு இடமில்லை. அந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது, வேனின் காப்பீட்டு நிறுவனம் சுருக்கமாகப் பதில் எழுதியது: வண்டி நின்றுகொண்டிருந்தது, உங்களைத் தொடவில்லை, தவறு உங்களுடையது என்று நீங்களே அங்கே ஒப்புக்கொண்டீர்கள்.

என் கணவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "வந்த எடத்துல எதுக்கு வம்பு? கைதான் கூடிருச்சில்ல, உட்டுரு" என்றார். இங்கே நமக்கு ஏற்கெனவே எத்தனையோ அலுவலகம், எத்தனையோ கையெழுத்து. கோர்ட்டும் வேண்டுமா என்பது அவருடைய நியாயம். அவரை நான் குறை சொல்லவில்லை. புலம்பெயர்ந்தவர்களில் பாதிப் பேர் இந்த நியாயத்தில்தான் குடித்தனம் நடத்துகிறோம்.

அன்னூரிலிருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார். "ஏங்கண்ணு, நின்ன வண்டி மேல கேசா? நின்ன வண்டி என்ன பண்ணும்?"

இதே கேள்வியை முன்பே என் காதால் கேட்டிருக்கிறேன், அண்ணன் விழுந்தபோது ஊரார் கேட்டது. அண்ணன் அப்போது பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துவந்தார். ஒரு நாள் சாயங்காலம், மொபெட்டில் வரும்போது, ரோட்டோரம் பஞ்சராகி நின்ற லாரியை ஒட்டி வளைத்துப் போனவர் ஜல்லியில் சறுக்கி விழுந்தார். லாரிக்குப் பின்னால் ஒரு கல்லோ மரக்கிளையோ எதுவும் வைத்திருக்கவில்லை. கூட்டம் கூடியது. எதிரில் ஒரு கார் வந்து இடித்திருந்தால் அந்தக் காரைச் சிறைபிடித்திருப்பார்கள்; நம் ஊரில் பெரிய வண்டிதான் குற்றவாளி, ஆனால் அது ஓட வேண்டும். நிற்கிற வண்டி சுவர் மாதிரி. சுவர் மேல் யாராவது கேஸ் போடுவார்களா? லாரிக்காரர் சோடா வாங்கிவந்து கொடுத்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்தபடியே, "தப்பு எம்மேலதானுங்க, நீங்க கெளம்புங்க, லோடு லேட்டாயிரப் போவுது" என்று அவரை அனுப்பிவைத்தார். கேட்டவர்கள் எல்லாம் என்ன தங்கமான மனுசன் என்றார்கள். அந்த இடது காலை இன்றுவரை இழுத்துத்தான் நடக்கிறார்.

"இந்த ஊர்ல அது தப்புங்கண்ணா" என்றேன். "நிக்கக்கூடாத எடத்துல நின்னா, நின்னதே தப்பு. நின்னதாலதான நான் வெலகுனேன், வெலகுனதாலதான விழுந்தேன்." சிரிப்பெல்லாம் போன குரலில் அண்ணன் கேட்டார்.

"அப்ப, எங்காலுக்கும் அப்பிடித்தானா அம்மணி?"

வழக்குப் போடுவதென்று அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன். நூல் அறுந்தால் அறுந்த இடத்தைப் பார்ப்பது புது ஆள் செய்வது. அறுந்த இடத்தில் நூல் அறுந்திருக்கும், அவ்வளவுதான். எங்கே மெலிந்தது, எந்த உருளையில் சிக்கியது என்று பின்னோக்கிப் போனால்தான் காரணம் கிடைக்கும். நான் விழுந்த இடம் தண்டவாளம். என்னை அங்கே அனுப்பியது வேன்.

நீதிமன்றத்தில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே வாழும் அம்மா. நீதிபதியும் ஒரு பெண்தான். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் "மைனெ ஷுல்ட்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதையும் பேசத் தயாராக இல்லை. நான் அதை மறுக்கவில்லை. சொன்னது உண்மை. ஆனால் அது சாட்சியமல்ல, மரியாதை என்றேன். நீதிபதிக்கு அது விளங்கவில்லை. விழுந்து எலும்பு முறிந்தவர் எதற்காக நிற்பவருக்கு மரியாதை செய்ய வேண்டும்? உங்கள் மொழியில் அதை எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார்.

"தப்பு எம்மேலதானுங்க" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா வாயைத் திறந்து, மூடி, என் பக்கம் சாய்ந்தார். "பிழை என்ர எண்டு சொல்லலாம் பிள்ளை. அந்தக் கடைசி 'ங்க'வை நான் எப்பிடி ஜெர்மனில சொல்லுறது?"

"அதுதாங்க முக்கியம்" என்றேன். "அந்த 'ங்க' எதிர்ல நிக்கிறவருக்கு. அவரு பயந்துபோயி நின்னாரு. பயப்படாதீங்கன்னு சொன்னேன். தப்பு யாருதுன்னு அதுல எதுவும் சொல்லலீங்க."

அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டு அதை ஜெர்மனில் விளக்கினார். நீதிபதி தலையாட்டவில்லை, அங்கே வந்திருந்த வேன் ஓட்டுநர் பக்கம் திரும்பி, அந்த நேரம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஓட்டுநர் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு, "நானும் என்ட்ஷுல்டிகுங் என்றுதான் சொன்னேன், அவருக்கு முன்னாலேயே" என்றார். வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்தார்.

சாலையில் அதிர்ச்சியில் சொல்லும் சொல், அங்கே நடந்தவற்றில் ஒன்று, தீர்ப்பல்ல என்றார் நீதிபதி. நிற்கக் கூடாத பாதையில் நிற்கும் வண்டி, இயந்திரம் அணைந்திருந்தாலும் போக்குவரத்தின் பகுதிதான். அதைச் சுற்றிப் போகிறவருக்கு நேர்வதில் அதற்குப் பங்கு உண்டு. ஈரத் தண்டவாளத்தை இன்னும் நேர்க்குத்தாக நான் கடந்திருக்கலாம் என்பதால், தவற்றில் சிறிய பங்கு எனக்கு. பெரிய பங்கு வேனுக்கு. இரு தரப்பும் அதற்கு ஒத்துக்கொண்டோம். என் பங்கை நான் எதிர்க்கவில்லை. முதல் தடவை என் தப்பு என்று ஏற்றுக்கொண்டது எதிராளிக்காக. இது அளந்து கொடுத்தது, என்னுடையது. இனி கை தேறினாலும் தேறாவிட்டாலும், நான் ஒருத்தியே காரணம் என்று எந்தத் தாளிலும் இருக்காது. என்னைப் போல வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விழுந்தால் முதலில் கையைப் பாருங்கள், பிறகு வண்டி நின்ற இடத்தைப் படமெடுங்கள். மரியாதையை அதற்கப்புறம் செய்யலாம். அது எங்கேயும் போய்விடாது.

வெளியே வரும்போது வாசற்கதவு கனமாக இருந்தது. இடது கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கதவைத் திறந்து பிடித்தது. அந்த ஓட்டுநர். என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "பரவாயில்லை" என்பதற்கான ஜெர்மன் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். கதவைப் பிடித்ததற்கு மட்டும் நன்றி சொல்வதென்று தீர்மானித்து, "டாங்கெ" என்று தொடங்கினேன்.

வெளியே வந்தது, "டாங்கெங்க."