ஜெசிந்தா டீச்சரின் பெரியவர் நோட்டு

எழுபது வயது வரை நான் எந்தச் சாவுச் செய்தியையும் படித்ததில்லை. யாராவது வந்து சொல்வார்கள், கேட்டுக்கொள்வேன். ஜெசிந்தா டீச்சர் இறந்த செய்தியை நானே படித்தேன்.

வயலின் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கென்று இருக்கும் வாட்ஸப் குழுவில் அது வந்தது. காலை ஏழரை மணி இருக்கும். முத்தையாபுரம் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்பதால் செய்தி எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ‘நமது ஜெசிந்தா டீச்சர் இன்று அதிகாலை’ என்பது வரை படித்தபோது, சனிக்கிழமை வகுப்பு இல்லை என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து ‘நெஞ்சுவலி’ வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள், போய்ப் பார்க்க வேண்டும் என்று எண்ணினேன். கடைசிச் சொல்லில் ‘கா’ என்றேன். ‘ல’ என்றேன். அதற்கு மேல் கூட்ட மனம் வரவில்லை. கடைக்காரரிடம் போனை நீட்டினேன். “இப்பத்தான் நீங்களே படிப்பீங்களே அண்ணாச்சி” என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். பிறகு சிரிக்கவில்லை.

நாற்பது நாள் ஆகிறது. இன்னும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வருகிறேன். துக்கம் மட்டும் காரணம் இல்லை. டீச்சரிடம் படித்த பிள்ளைகளில் மூன்று பேர் வயலினை மூடி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒரு வயலின் விலைக்கு வந்திருக்கிறது. போன ஞாயிறு வரை என் பேத்தி பூர்ணியும் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கச் சொன்னால் பேச்சை மாற்றினாள். இன்னும் ஒரு மாதம் அப்படிப் போயிருந்தால் அவள் விரல் மறந்திருக்கும். மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் டீச்சரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன். என் கை மெதுவாகத்தான் ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூர்ணிக்கு ஏழு வயதாகும்போது, பள்ளி விழாவில் ஒரு பெண் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தனக்கும் வயலின் வேண்டும் என்று நின்றாள். என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். மருமகள் செல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ், சனிக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு. ஆகவே எல்லாம் என் பொறுப்பு. யாரிடமும் கேட்காமல் கடைக்குப் போய் நல்ல பெரிய வயலினாக வாங்கினேன். பெட்டியைத் தலையில் வைத்துச் சுமக்காத குறையாக, பீச் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டீச்சர் வயலினைப் பார்த்தார். பூர்ணியின் இடது கையை நீட்டச் சொல்லி, வயலினைக் கழுத்தோரம் வைத்து அளந்தார். வயலினின் முனை பிள்ளையின் உள்ளங்கைக்குள் வர வேண்டுமாம். அது ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“யாரு வாங்கினா?”

“நான்தான் டீச்சர். வளருத பிள்ள. ரெண்டு வருசத்துல சரியாயிரும்.”

“இதென்ன பள்ளிக்கூடத்துச் செருப்பா அண்ணாச்சி, முன்னால பஞ்ச அடச்சுப் போட்டுக்கிட?”

உள்ளே உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் பீரோவைத் திறந்து, தாம்பாளத்தை விடச் சிறிய ஒரு வயலினை எடுத்து பூர்ணி கையில் கொடுத்தார். “இது உனக்கு. வளந்தப்புறம் திருப்பிக் குடு. அடுத்த சின்னப் பிள்ளைக்கு வேணும்” என்றார். ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கிய நகவெட்டியால் அவரே பூர்ணியின் நகங்களை வெட்டினார். முதல் வகுப்பு அவ்வளவுதான். வில்லைத் தொடவே விடவில்லை.

அன்றைக்கே எனக்கும் சட்டம் சொல்லிவிட்டார். கூட்டி வருகிறவர் வாசலில் நிற்கக் கூடாது, வகுப்பு முடியும் வரை உள்ளே இருக்க வேண்டும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். “ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வாசிச்சுட்டு வாராதீங்க. தினம் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசமும் ஒரு ஆளு கூட இருந்து கேக்கணும். கேக்க ஆளில்லாத வீட்டுல பிள்ள வாசிக்காது.”

பிறகு அந்த நோட்டு. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வகுப்புக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர் ஒரு பிள்ளையின் குறையை அந்தப் பிள்ளையின் காதுபடச் சொல்லமாட்டார். நன்றாக வாசித்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். குறை இருந்தால் நோட்டில் எழுதி, மூடி, பெரியவர் கையில் கொடுப்பார். அதன் பெயரே பெரியவர் நோட்டு. பிள்ளைகள் அதைத் திறக்கக் கூடாது. “குறை காதுல விழுந்தா நேரே கைக்கு இறங்கிரும். கை பயந்துக்கிடும்” என்பார்.

அந்த நோட்டை முதல் முறை என் கையில் தந்தபோது, “வீட்டுல போயிப் படிச்சுப் பாருங்க” என்றார். “பாத்துக்கிடுதேன் டீச்சர்” என்றேன். எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நாற்பது வருடம் துறைமுகத்தில், கப்பலின் மேல்தளத்தில் நின்று கிரேன்காரருக்குக் கைச்சாடை காட்டுவதுதான் வேலை. ஏற்று, இறக்கு, மெதுவாக, நிறுத்து. அதற்குப் படிப்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். அத்தனை தாய்மார்கள் முன்னால், அதுவும் வயலினுக்காகச் சிரிப்பு வாங்கிய பிறகு, படிக்கத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. செல்வி கேட்டபோது, “அது பாட்டு நோட்டு, உனக்கு விளங்காது” என்று சொல்லி வயலின் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

வகுப்பில் கண் இருந்தால் பாதி புரியும். பூர்ணியின் முழங்கை உயர்ந்தால், நான் நாற்காலியில் இருந்தபடியே கையால் ‘இறக்கு’ என்று காட்டுவேன். அவள் இறக்கிவிடுவாள். இதை ஒருநாள் டீச்சர் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, இங்கன கப்பல் ஒண்ணும் நிக்கல. கைய மடியில வையுங்க” என்றார். அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் “சரக்கு எறங்கிட்டா?” என்று கேட்பார்.

மூன்றாவது மாதம் நான் பெரிய தவறு செய்தேன். பூர்ணியின் பள்ளி ஆண்டுவிழா வந்தது. அவளும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பத்து நிமிடம் எந்த மூலைக்கு என்று தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க வைத்தேன். எதிரே நின்று நானே சாடை காட்டினேன். “கை வலிக்கு தாத்தா” என்றாள். “ஹார்பர்ல வலிக்காத கை உண்டா? வாசி” என்றேன். நாலாவது வாரம், சனிக்கிழமை காலையில், அவளால் இடது கையால் தண்ணீர்த் தம்ளரைத் தூக்க முடியவில்லை. அப்படியும் வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

டீச்சர் அவள் வயலினை எடுத்த விதத்தைப் பார்த்தார். வாங்கி மேஜையில் வைத்தார். “பின்னால பூன குட்டி போட்டிருக்கு, போயி எத்தனன்னு எண்ணிட்டு வா” என்று அவளை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மூணு வாரமா எழுதுதேன். படிச்சீங்களா?”

“படிச்சேன் டீச்சர்.”

“என்ன எழுதியிருந்தேன்?”

“நல்லா வாசிக்கான்னு...” என்றேன்.

அவர் நோட்டை வாங்கித் திறந்து, குரலை உயர்த்தாமல், மூன்று வாரத்துக்கும் படித்தார். முதல் வாரம்: பெருவிரலை இறுக்கி அமுக்குகிறாள், ஐந்து நிமிடம் போதும். இரண்டாம் வாரம்: மணிக்கட்டு வீங்குவது போல இருக்கிறது, வாசிக்க வேண்டாம், தாளம் மட்டும் தட்டட்டும். மூன்றாம் வாரம்: தயவுசெய்து வயலினைத் தொட விடாதீர்கள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்” என்றேன். எழுபது வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. பூனைக்குட்டி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கை ஆற ஒரு மாசம் ஆகும். அதுவர இவ வாசிக்க வேண்டாம், வந்து கேட்டுட்டுப் போகட்டும். அந்த ஒரு மாசத்துல நீங்க எழுத்துக் கூட்டப் படிச்சிருங்க. உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு நேரமில்ல, ஆளப் பாத்துக்கிடுங்க. முடியலன்னா மருமகள அனுப்புங்க. படிக்காத ஆளு கையில என்னால இந்தப் பிள்ளைய விட முடியாது.”

செல்வியால் சனிக்கிழமை வர முடியாது. அப்படியென்றால் பூர்ணிக்கு வயலின் இல்லை. அன்று மாலையே எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போனேன். உப்பளத்து வேலை முடித்து வரும் பெண்கள்தான் அங்கே அதிகம். ஒரே நாளில் உயிரெழுத்து முழுவதும் கேட்டு நான் வாத்தியாரை அரித்ததைப் பார்த்து, ஒரு அம்மா, “அண்ணாச்சி, பஸ்ஸு ஒண்ணும் கெளம்பல. நின்னு ஏறும்” என்றாள். எனக்கு நிற்க நேரமில்லை. பகலில் கடைப் பலகை, பஸ் பலகை, மருந்துச் சீட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டே நடந்தேன். ஒருநாள் ‘ஏரல்’ என்று ஒரு பஸ்ஸின் நெற்றியில் தானாகப் படித்துவிட்டு, நடுரோட்டில் நின்று சிரித்தேன். டிரைவர் திட்டினார். அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாதம் முடிந்தது. டீச்சர் நோட்டில் இரண்டே சொல், பெரிதாக எழுதி, என் கையில் தந்து, எதிரிலேயே நின்றார். கூட்டிப் படித்தேன். ‘கை நலம்.’ பூர்ணி அன்று மறுபடியும் வயலினை எடுத்தாள். அடுத்த வாரம் நாலு சொல். பிறகு முழு வரி. என் படிப்புக்கு ஏற்ற மாதிரி அவர் குறிப்பும் நீண்டது. இது பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் தாய்மார்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் இப்போது சொல்வதுதான் உங்களுக்குப் புதுச் செய்தி. என் குறையையும் அவர் பிறர் காதில் போடவில்லை.

அவர் போன பிறகு நான் ஊர் முழுக்க விசாரித்தேன். புன்னைக்காயலில், கோயில் பாட்டுக் குழுவில் வயலின் வாசிக்கும் தம்பி ஒருவர் ஞாயிறு மதியம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார் என்று தெரிந்தது. போன ஞாயிறு நானே வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினேன்.

“எங்க போறீங்க?” என்றாள் பூர்ணி.

“புன்னைக்காயலுக்கு. வயலின் கிளாசுக்கு.”

“நீங்க போயி என்ன செய்வீங்க?”

“உக்காந்து கேட்டுட்டு வருவேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். பூர்ணியை வாசிக்கச் சொன்னார் அந்தத் தம்பி. ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்த கை. நாலு சுரம் வாசிப்பதற்குள் அவர் எல்லார் முன்னாலும், “ஏளா, பெருவிரல ஏன் இந்த அமுக்கு அமுக்குத? இப்படியா சொல்லித் தந்தாங்க?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பழக்கம் அது. ஒரு பையன் சிரித்தான். பூர்ணி வயலினைக் கழுத்திலிருந்து இறக்கிவிட்டாள். அவள் கண் பெட்டியைத் தேடியது. இப்போது மூடினால் இனி அதைத் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன்.

“தம்பி, பிள்ளைய வச்சுக்கிட்டுச் சொல்லாண்டாம். என்ன கொறையோ அத எழுதித் தாங்க.”

அவர் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் என் வெள்ளைத் தாடியையும் பார்த்தார். “எழுதவா? எழுதி யாரு தாத்தா படிக்கது?”

“நான் படிப்பேன்” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். தம்பி தாள் ஒன்றை எடுத்து மூன்று வரி எழுதி, மடித்து, என்னிடம் நீட்டினார். பூர்ணியிடம், “சரி, முதல்ல இருந்து வாசி” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வயலினை எடுத்துக் கழுத்தில் வைத்தாள்.

ஜெசிந்தா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: ஒரு பிள்ளையின் குறையை மடித்து வாங்கிக்கொள்ளும் வழக்கம். உங்கள் பிள்ளைகளுக்கும் வேறு ஆசிரியர் கிடைப்பார். அவரிடம் நீங்களும் குறையை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வயலினை விற்க வேண்டாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். தம்பியின் எழுத்து கோழி கிண்டியது போல இருந்தது. முதல் இரண்டு வரியும் பெருவிரல் பற்றியவை. வாய்க்குள்ளேயே படித்தேன். பழையகாயல் தாண்டும்போது மூன்றாவது வரிக்கு வந்தேன். அதில் குறை எதுவும் இல்லை. அதனால் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தேன்.

“பிள்ளைக்கு நல்ல காது.”