தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டிய பூங்கா

காசு கொடுக்காமல் குடும்பத்தோடு உட்கார ஓர் இடம் தேடித்தான் நான் பயணம் போகிறேன். கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை ஊஞ்சலாட, பெரியவர்கள் காற்று வாங்க, கதவோடு கழிப்பறை இருக்கிற பொது இடம் எங்கே என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்தக் கடுப்பில்தான் இந்த வலைப்பூவைத் தொடங்கினேன். மன்னாருக்குத் தெற்கே, முசலிக் கரையில் ஒரு கடற்கரைப் பூங்கா இருப்பதாகவும் அது கைமாறப் போவதாகவும் கேள்விப்பட்டேன். தவக்காலத்தின் முதல் ஞாயிறு வவுனியாவிலிருந்து புறப்பட்டேன். வீட்டாரைக் கூட்டிப்போக முன் நான் தனியே போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

காலை பத்தரை மணி பஸ். மன்னார் நகரம் வரை ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், இரண்டே கால் மணி நேரம். உயிலங்குளத்தில் வயல் அறுத்த தாளுக்குள் மாடுகள் நின்றன. நகரில் சாப்பாடு எழுநூறு ரூபாய், மீன் பொரியல் தனி. அங்கிருந்து பஸ் ஞாயிறில் குறைவு என்பதால் ஓட்டோ பிடித்தேன். போய், காத்திருந்து, திரும்ப ஆறாயிரத்து ஐந்நூறு. சாரதி உப்புக்குளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"பார்க்குக்கா மிஸ்?" என்றார். என்னை ஆசிரியை என்று நினைத்துவிட்டார், நானும் திருத்தவில்லை. "முந்தி நோன்புப் பெருநாளைக்கு எங்கட சனம் வானில போறது. டிக்கெட் வச்ச பிறகு குறைஞ்சு போச்சு. ஆளுக்கு நூறெண்டால், எட்டுப் பேர் உள்ள குடும்பம் எப்படி நானா போறது எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?" நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

மூன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் யசிந்தா அக்கா இருந்தார். பூங்காவின் காவலும் அவர்தான், துப்புரவும் அவர்தான், டிக்கெட்டும் அவர்தான். நூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

"இப்ப வேண்டாம் தங்கச்சி. உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ, பிறகு தாங்கோ."

உள்ளே போனதும் விளங்கியது. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு கரைவலை குவிந்து கிடந்தது. வேலியைக் கழற்றி ஒரு வள்ளத்தின் மூக்கையும் உள்ளே நுழைத்திருந்தார்கள். வலையின் மேல் சூசை சம்மாட்டியார் இருந்தார். சம்மாட்டியார் என்றால் வலையின் சொந்தக்காரர்.

நடந்ததை யசிந்தா அக்கா சொன்னார். இந்த இடம் முன்பு சூசையின் பாடு. கரைவலை இழுக்க ஒரு குடும்பத்துக்கு உரித்தான கரைத்துண்டைத்தான் இங்கே பாடு என்கிறார்கள். இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பிய காலத்தில், வலைக் கயிற்றுக்குள் விளையாடிய ஒரு பிள்ளையின் கால் முறிந்தது. பூங்காவுக்கு இடம் கேட்டு வந்தவர்களிடம் சூசை ஒரு சதம் வாங்காமல் பாட்டைக் கொடுத்துவிட்டு, தம்பியின் பாட்டில் முறை எடுத்துத் தொழில் செய்தார். மேலிடத்து அரசாங்கக் காசில் பூங்கா எழும்பியது. காவல் சம்பளத்துக்கும் கரண்டுக்கும் சில வருடம் உதவி வந்தது. பிறகு நின்றது. பிரதேச சபை டிக்கெட் வைத்தது, சனம் குறைந்தது. யசிந்தா அக்காவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

அதற்கு முந்திய வியாழன் கோயில் மண்டபத்தில் கூட்டம். சபை உத்தியோகத்தர் எழும்பி, "இனி மேலயிருந்து காசு வராது. பார்க் தன்ர பாட்டைத் தானே பாக்கவேணும்" என்றிருக்கிறார். எந்த அரசாங்கக் கந்தோரிலும் சொல்கிற சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் பின் வரிசையில் இருந்த சூசையின் காதில் 'பாடு' மட்டும்தான் விழுந்தது. தன் பாட்டைத் தானே பார்க்கச் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று நினைத்து, விடிய வலையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நான்கு மணிக்கு அந்த உத்தியோகத்தரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இளம் ஆள், வெயிலில் களைத்திருந்தார்.

"சம்மாட்டியார், என்ன வேலை பாத்திருக்கிறியள்? நான் சொன்னது பார்க்கின்ர செலவை. கரைவலைப் பாட்டை இல்ல."

சூசை தலையிலிருந்த துவாயை எடுத்து மடித்தார்.

"அப்ப பாடு ஆருக்கு ஐயா?"

"குத்தகைக்குக் கேள்வி கோரப் போறம், டெண்டர்தான். கூடின விலை கேக்கிறவருக்குக் குடுக்கிறதுதான் சட்டம். ஒரு ஹோட்டல்காரரும் விசாரிச்சவர்."

"நான் அரசாங்கத்துக்குத் தந்தனான். அரசாங்கத்தால ஏலாட்டி, தந்தவனிட்டத் திருப்பித் தாங்கோ. நடுவில ஹோட்டல்காரன் ஏன்?"

"அது இப்ப அரச காணி. நான் என்ன செய்ய? சந்தை வரியில கரண்ட் பில்லைக் கட்டுறதோ, யசிந்தா அக்காவுக்குச் சம்பளம் குடுக்கிறதோ? ரெண்டுக்கும் காணாது. எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் மேல் வந்தது. திறப்பு விழாவுக்கு வந்து நாடா வெட்டியவர்கள், அந்த விளக்கு எரியக் கரண்ட் வேண்டும் என்பதை யோசிக்கவில்லையா? றோட்டு லாபம் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளை ஆடுகிற ஊஞ்சல் மட்டும் உழைத்துக் காட்ட வேண்டுமாம்.

ஐந்து மணியானதும் ஞாயிறு மறைக்கல்வி முடிந்த பிள்ளைகள் வாசலுக்கு வந்தார்கள். வலையைக் கண்டதும் ஒருவரும் உள்ளே வரவில்லை. அது யாருடைய வலை, அதை மிதிக்கக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சூசை அவர்களைப் பார்த்தார். பிறகு எழும்பி, "டேய், பிடியுங்கோடா. வெளியில எடுப்பம்" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டார். வலை பாரம். உத்தியோகத்தரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு தலைப்பைத் தோளில் வாங்கினார். யசிந்தா அக்கா அன்று ஒரு பிள்ளையிடமும் டிக்கெட் கேட்கவில்லை. உத்தியோகத்தரும் கண்டும் காணாததுபோல் நின்றார்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள், நிழல் குறைவு. மாலை நான்குக்கு மேல் நல்லது. ஆறரைக்குக் கதவு பூட்டிவிடுவார்கள், விளக்கு எரிவதில்லை. கழிப்பறை சுத்தம். பக்கத்தில் கடை இல்லை. டிக்கெட்டுக்குத் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். உங்கள் மாகாண சபைக் கந்தோருக்கு ஏதாவது அலுவலாகப் போனால், இப்படி இடங்களுக்கான உதவி ஏன் நின்றது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

இதை எழுதி முடிக்கமுன், நிலைமை எப்படி என்று யசிந்தா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"கேள்வி கோரியாச்சு தங்கச்சி. சம்மாட்டியாரும் போட்டிருக்கிறார்."

"குத்தகைக்கா? அவருக்கு ஏது காசு?"

"வலையையும் வள்ளத்தையும் வித்துப்போட்டார். கிடைச்சால் டிக்கெட் இல்லாமல் சனத்தை விடச் சொல்லுறார்."

அந்தக் காசு ஹோட்டல்காரரின் காசுக்கு ஈடாகுமா தெரியாது. ஈடாகி, பாடு அவர் கைக்கே திரும்பி வந்தாலும், அதில் இழுக்க இனி அவரிடம் வலை இல்லை.