ஒரு பல் முன்னுக்கு

உதை பாதியில் நின்றது. எஞ்சினுக்குள் எங்கோ, சிரட்டையில் கரண்டி பட்டதுபோல ஒரு சின்னச் சத்தம். சுதாகரன் அண்ணா மறுபடி உதைத்தார். இந்த முறை மிதி எந்தத் தடையும் இல்லாமல் கீழே போனது.

கிரான் வயல்வட்டையில் அறுவடை முடிந்த நிலத்துக்கு வாய்க்கால் நீரைத் திருப்பிச் சேறாக்கியிருந்தார்கள். ஓட்டம் தொடங்கும் கோட்டில் மற்ற மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டிருந்தன. அண்ணாவுடையது மட்டும் செத்துப்போயிருந்தது.

நான் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த எஞ்சினைச் செய்தவள் அவள்தான்; என் மாமாவின் மகள், தக்ஷாயினி மச்சாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. சோற்றைப் பதம் பார்த்து, சரி, வெந்துவிட்டது என்று மூடிவைப்பவளின் முகம் அது.

மச்சாள் மட்டக்களப்பில் மோட்டார் தொழில் படித்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சீதனமாகக் கிடைத்த வளவிலேயே கடை போட்டு, நீர்ப்பம்பியும் உழவு இயந்திரமும் திருத்தத் தொடங்கினாள். அண்ணா மாங்கேணிக் கடலில் தோணி ஓட்டியவர். எங்கள் வழக்கப்படி கலியாணத்தோடு மனைவி வீட்டுக்கு வந்து, கடையிலும் ஒரு கை கொடுத்தார். எஞ்சினைக் காதால் கேட்டே திருத்துகிற ஆள். மச்சாள் அளந்து வைப்பதை அவர் கேட்டுப் பார்த்து மாற்றுவார். அதில்தான் தினமும் சண்டை.

போன வருடம் இதே சேற்றில் விழுந்து அண்ணாவுக்குத் தொடையெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். இன்னொரு தரம் அதே கால் முறிந்தால் நடக்க வைக்க முடியாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். அண்ணா கைத்தடியை விட்ட அன்றே இந்த வருட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

“விழுந்தவனுக்குத்தான் தங்கச்சி தெரியும், எங்க விழக்கூடாதெண்டு” என்றார் என்னிடம்.

ஆறு வருடம் நாடுநாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் மச்சாளின் கடையில் கிடந்தேன். ஒருநாள் நேரே கேட்டேன்: “நீங்களே ஏன் மச்சாள் இதைச் செய்து குடுக்கிறீங்க? வேணாமெண்டு சொல்லலாம்தானே?”

“சொன்னா ஏறாவூர்ல வேற கடைக்குக் கொண்டுபோவார் கா. அங்க ஆரும் இவர்ட காலை நினைச்சு எஞ்சின் செய்யமாட்டாங்க.”

நல்ல பதிலாகத்தான் தெரிந்தது.

வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டைப் புதிதாகக் கடைந்து எடுத்திருந்தாள். எஞ்சின் பக்கத்தில் பாகை குறித்த வட்டத் தகட்டை மாட்டி, கையால் மெல்லச் சுற்றி, உள்வால்வு எந்த இடத்தில் மூடுகிறது என்று பார்த்தாள். பிஸ்டன் அடியில் தொட்டுத் திரும்பி அறுபத்தைந்து பாகை ஏறிய பிறகுதான் அது மூடியது.

“அவ்வளவு நேரமும் வால்வு திறந்துதான் கிடக்கும். குடிச்ச காத்தில கொஞ்சத்தைத் திருப்பித் துப்பிப்போடும். மூடின இடத்தில இருந்துதான் உண்மையான அமுக்கம்” என்றாள். போனில் கணக்குப் போட்டாள். கொள்ளளவுப்படி அமுக்கம் பதினொரு மடங்கு. உண்மையில் எட்டே முக்கால்கூட இல்லை. “நம்மட பெற்றோலுக்கு இது போதும். இதுக்கு மேல போனா எஞ்சின் தட்டும்.”

“அப்ப குறை ஒண்டும் இல்லியா?”

“கீழ, மெல்லச் சுத்தினா இழுவை குறையும். மேல, வேகம் ஏறினாப் பேய்.”

பிறகு ரொட்டி மாவைப் பிசைந்தாள். பிஸ்டன் தலையில் தட்டையாக அப்பி, எண்ணெய் தடவி, எஞ்சினை மூடிச் சுற்றித் திறந்தாள். மாவில் வால்வின் தடம் விழுந்திருந்தது. அந்த இடத்தை வெட்டித் தடிப்பை அளந்தாள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீற்றர். தலையாட்டினாள்.

ஆனால் வேலை முடியவில்லை. புது மாவு அப்பி, கேம் சங்கிலியைப் பற்சக்கரத்தில் ஒரு பல் முன்னுக்குத் தள்ளி மாட்டி மறுபடி சுற்றினாள். பாதியில் கையை நிறுத்தினாள். திறந்தபோது மாவில் ஓட்டை. அடியில் பிஸ்டனின் அலுமினியம் மின்னியது; வால்வு அதைப் போய்த் தொட்டிருந்தது.

“ஏன் ரெண்டாந்தரம்?”

“அவர்ட கை சும்மா இருக்காது கா.”

அந்தப் பிழையைத் தடுக்க ஏதோ செய்யப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சங்கிலியைச் சரியான பல்லுக்கே மாற்றி எஞ்சினைப் பூட்டினாள். வேறொன்றும் செய்யவில்லை.

ஓட்டத்தன்று காலை அண்ணா வயலோரப் பாதையில் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “மேல நல்லாத்தான் போகுது. கீழ இழுவை இல்ல புள்ள” என்றார். அவள் பிட்டுப் பொதியை எடுத்தாள். நாங்கள் மர நிழலில் பிட்டு தின்றுகொண்டிருந்தபோது அவர் மூடியைக் கழற்றிச் சங்கிலியை ஒரு பல் முன்னுக்கு மாற்றிவிட்டார். கையால் சுற்றிப் பார்க்கவும் இல்லை. பழைய எஞ்சின்களில் அப்படித்தான் இழுவை கூட்டுவார்; அவற்றில் வால்வுக்கு இடம் தாராளமாக இருந்தது.

ஓட்டம் அவரில்லாமல் தொடங்கியது. அண்ணா வரம்பில் உட்கார்ந்திருந்தார். சேறு படாத சப்பாத்து. நாங்கள் கிட்டப் போனதும் தலை நிமிராமல் பேசினார்.

“நான்தான் புள்ள கெடுத்துப்போட்டன். ஒரு பல்லுத் தள்ளினன். வால்வு வளைஞ்சிட்டு.”

மச்சாள் அவர் பக்கத்தில் குந்தினாள். “போகட்டும். திருப்பிச் செய்யலாம்.”

“நாலு மாசம் பாடுபட்டுச் செய்தநீ.” அவர் அவள் தலையில் கையை வைத்தார். “அம்மனறிய, உன்ட தலை மேல சத்தியம். இனி நீ பூட்டின எஞ்சினைத் தொடமாட்டன். அடுத்த வருஷம் நீ தந்ததை அப்பிடியே ஓடுறன்.”

அப்போதுதான் மச்சாளின் முகம் வெளிறியது. அடுத்த வருடம் அவர் தொடமாட்டார். எஞ்சின் ஓடும். அவரும் ஓடுவார், அந்தக் காலோடு. அவள் அவர் கையைத் தலையிலிருந்து எடுத்தாள்.

“சத்தியம் பண்ணாதீங்க. வால்வு தட்டுமெண்டு எனக்குத் தெரியும்.”

அவர் விளங்காமல் பார்த்தார்.

“நீங்க தள்ளுவீங்கெண்டும் தெரியும். அதுக்குத்தான் அவ்வளவு கிட்ட வச்சன்.”

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பொய் கேட்டவள் நான். புருசனின் கைப்பழக்கத்தைப் பாகையும் மில்லிமீற்றருமாக எஞ்சினுக்குள் வைத்துப் பூட்டிய ஒருத்தியை எங்கும் கண்டதில்லை. அதுவும் என் கண்முன்னே, ரொட்டி மாவை வைத்துக்கொண்டு.

ஓட்டக்காரர்கள் எங்களைக் கடந்து போனார்கள். அண்ணாவின் முகமெல்லாம் சேறு தெறித்தது. அவர் துடைக்கவில்லை. மச்சாளிடம் கேட்டார்:

“எவ்வளவு விட்டநீ?”

“ஒண்டரை மில்லி.”

“நான் தொடாம விட்டிருந்தா?”

“ஓடியிருக்கும்.” அவள் குரல் உடைந்தது. “விட்டிருக்கமாட்டீங்க.”

அவர் தொடையைத் தடவிக்கொண்டார். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு மூச்சு வந்தது. பிறகு நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியின் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை மடித்து அவள் மடியில் போட்டார்.

“நான் இனி ஓடல்ல. ஆனா எஞ்சினை ஒழுங்காச் செய். தங்கச்சி ஓடட்டும், அவள்தானே ஓரிடத்தில நிக்கமாட்டாள்.”

மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவளும் சும்மா இருக்கிற ஆள் இல்ல. இவளுக்கும் அதே ஒண்டரை மில்லிதான்” என்றாள்.